பிற்பிராயத்துச் சைக்கிள் வீரர்கள்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி, பிரேசில் தேசத்து ரியோ நகரின் மேற்குக் கரையோரச் சாலையில், மழையும் கடற்காற்றும் மாறி மாறி மோதிக்கொண்டிருந்த வேளையில், மூக்கிலிருந்து ரத்தம் வடிய வடியச் சைக்கிளை மிதித்து, முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த தூரத்தை 44 நிமிடம் 26 வினாடியில் கடந்து, எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் சரிந்து கிடந்த கிறிஸ்டின் ஆர்ம்ஸ்டிராங் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு மறுநாள் நாற்பத்து மூன்றாவது பிறந்த நாள். இரண்டாவதாக வந்த ரஷ்ய வீராங்கனை ஓல்கா சபெலின்ஸ்காயாவைவிட அவர் ஐந்தரை வினாடிதான் முந்தினார். ஆயினும் 2008இல் பெய்ஜிங்கிலும், 2012இல் லண்டனிலும், இப்போது ரியோவிலுமாக அதே பந்தயத்தில் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களைத் தொடர்ந்து பெற்றுவிட்டார். ஒலிம்பிக் களத்தில் நாற்பதைக் கடந்தவர்கள் பதக்கம் பெறுவது அபூர்வமன்று. துப்பாக்கி சுடுவதிலும் குதிரை செலுத்துவதிலும் நரைத்த தலைகள் வெகு காலமாகவே மேடை ஏறியிருக்கின்றன. ஆனால் அவை கையின் நிதானத்தையும் கண்ணின் கூர்மையையும் கோருபவை. இருதயத்தையும் நுரையீரலையும் தொடைத் தசையையும் அன்றி வேறு மூலதனமில்லாத ஒரு பந்தயத்தில், தம்மினும் பத்துப் பதினைந்து வயது இளையவர்களை ஒரு பெண்மணி வென்றார் என்றால், அதை வெறும் அதிசயமென்று வியந்துவிட்டு நகர்வது நியாயமாகாது; அந்த இயந்திரத்திலும் அந்தப் பந்தயத்தின் அமைப்பிலும் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும் என்று ஆராய்வதே முறை.

ஆர்ம்ஸ்டிராங் சைக்கிளை நாடி வந்தவர் அல்லர், சைக்கிளிடம் தள்ளிவிடப்பட்டவர். நீந்தியும் ஓடியும் சைக்கிள் ஓட்டியும் மூன்று வித்தைகளையும் ஒரே பந்தயத்தில் காட்டும் டிரையத்லான் என்ற விளையாட்டில் அவர் ஈடுபட்டிருந்த காலத்தில், 2001இல், இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் கண்டிருப்பதை வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். முப்பது வயதும் நிரம்பாத ஒருத்திக்கு மூட்டுத் தேய்மானம் என்பது, அதிலும் ஓடுவதையே ஜீவனாகக் கொண்டவளுக்கு, விளையாட்டு வாழ்க்கையின் முடிவைத் தெரிவிக்கும் ஓலையாகவே தோன்றியிருக்கும். ஓட்டம் கூடாதென்று ஆனபின் எஞ்சியது சைக்கிள் ஒன்றுதான். அதைப் பற்றிக்கொண்டவர் 2006இல் சால்ஸ்பர்க் நகரிலும் 2009இல் மென்ட்ரிசியோவிலும் உலகப் பட்டம் பெற்றார், ஓய்வு பெற்றார், 2010இல் ஆண் குழந்தைக்குத் தாயானார், திரும்பி வந்தார், லண்டன் ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில் காறை எலும்பு முறிந்தும் அங்கே வென்றார், மறுபடி ஓய்வு பெற்றார், ஐடஹோ மாகாணத்தின் பாய்ஸி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மூன்றாம் முறையும் வந்தார். ஓய்வு என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் இருந்த பொருள் வேறு போலும்.

மூட்டுத் தேய்ந்தவரை ஏற்றுக்கொள்ளும் இரக்கம் சைக்கிளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் மிக எளிது. ஓடுகிறவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அவனுடைய சரீர எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலின்மீது விழுகிறது. சைக்கிளில் அமர்ந்தவனுடைய எடையில் பெரும்பகுதியைச் சீட்டும் ஹாண்டில்பாரும் பெடலுமாகப் பங்கிட்டுத் தாங்கிக்கொள்கின்றன, கால்கள் அதிர்ச்சி ஏதுமின்றி வட்டமாகச் சுழல்கின்றன. இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. ஓட்டத்தில் கால் தரையைத் தொடும் கணத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தசை நார்களைக் கிழித்து மறுநாள் மாடிப்படி இறங்கவொட்டாமல் வலிக்கச் செய்வது இந்த நீட்சிதான். பெடலை மிதிக்கும்போது தசை பெரும்பாலும் சுருங்கியே வேலை செய்கிறது. ஆதலால்தான் வயது சென்றவரும் இன்று நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாளையும் புறப்பட முடிகிறது. பயிற்சி என்பது நாள் தவறாமல் சேர்க்கும் சிறு தொகையாகையால், இடைவிடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே பிற்பிராயத்தில் பலன் தருகிறது.

அடுத்து, வயோதிகம் உடம்பில் எதை முதலில் எடுத்துக்கொள்கிறது, எதைக் கடைசிவரை விட்டுவைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தசையில் இருவகை நார்கள் உண்டு: கணப் பொழுதில் வெடித்துப் பாயும் வேக நார்கள் ஒருவகை, நெடுநேரம் சலிக்காமல் உழைக்கும் நிதான நார்கள் மற்றொரு வகை. பிராயம் ஏற ஏற முதலில் மெலிந்து குறைவன வேக நார்களே. நூறு மீட்டர் ஓடுகிறவன் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியதும் தளரத் தொடங்குவதும், நெடுந்தூரக்காரன் நாற்பதிலும் நிலைத்து நிற்பதும் இதனால்தான். இருதயத்தின் உச்சத் துடிப்பு குறைவதையோ எந்தப் பயிற்சியும் தடுப்பதில்லை. ஒருவருடைய தேகம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடியும் என்ற அளவே, நீடித்து உழைக்கும் சக்தியைக் காட்டும் பிரதான அளவுகோல் என்பது விஞ்ஞானிகளின் கொள்கை. சோம்பியிருப்பவர்களிடம் முப்பது வயதுக்குப் பிறகு அது பத்தாண்டுக்குப் பத்துச் சதவிகிதம்போலச் சரிகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களிடம் அந்தச் சரிவு ஏறத்தாழப் பாதியாகிறது. ஐம்பது வயதில் பயிற்சியைத் தொடங்குகிறவனுக்கு இதில் ஓர் அனுகூலம் மறைந்திருக்கிறது: இருபது வருஷம் சும்மாயிருந்து இழந்ததில் ஒரு பகுதி, மூப்பினால் இழந்ததே அன்று, உபயோகியாமையால் இழந்தது. அது திரும்பக் கிடைக்கும். நாற்பத்தைந்தில் இருந்ததைவிட ஐம்பதில் பலசாலியாயிருக்கிறேன் என்று சொல்லும் சைக்கிள்காரர் வீண் பெருமை பேசுகிறார் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

இவையெல்லாம் நீச்சலுக்கும் படகு வலித்தலுக்கும்கூட ஓரளவு பொருந்தும். ஓட்டத்துக்கு இல்லாத சலுகை ஒன்றும் சமதரையில் அதிவேகமாகச் செல்லும் சைக்கிளுக்கு உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவாகையால் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குமேல் போகும்போது சைக்கிள்காரனுடைய சக்தியில் பெரும்பகுதி சாலையோடு போராடுவதில் செலவாவதில்லை. காற்றைப் பிளப்பதில் செலவாகிறது. அந்தக் காற்றெதிர்ப்பை வெல்வதற்கு வேண்டிய சக்தியோ வேகத்துக்கு நேர் விகிதத்தில் வளராமல், வேகத்தின் கன விகிதத்தில் வளர்கிறது. முப்பதில் செல்பவன் முப்பத்து மூன்றில் செல்ல விரும்பினால், பத்துச் சதவிகித வேகத்துக்காக மூன்றிலொரு பங்கு சக்தியை அதிகமாகக் கொடுத்தாக வேண்டும். வாலிபர்களுக்கு இது பெருங் கொடுமை. ஆனால் இதே கணக்கை மறுபுறமிருந்து வாசித்தால் முதியவர்களுக்கு அது பெரும் தயையாகிவிடுகிறது: பத்துச் சதவிகித சக்தியை இழந்தவன் மூன்றரைச் சதவிகித வேகத்தைத்தான் இழக்கிறான், சக்தியில் சரிபாதி போய்விட்டவனும், காற்றை மட்டும் கணக்கில் கொண்டால், பழைய வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கோடு போய்க்கொண்டே இருக்கலாம். ஓட்டக்காரனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவன் இழந்த சக்தி ஏறக்குறைய அப்படியே அவனுடைய நேரத்தில் தெரிந்துவிடும். மலை ஏறும் சாலையிலும் இது செல்லாது. அங்கே காற்றின் பங்கு அற்பம், தேக எடையும் தசை வலிமையும் மட்டுமே பேசும். ஆகவே விவேகமுள்ள முதியவர்கள் சமவெளியைத் தேர்ந்துகொள்கிறார்கள். முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை ஒடுக்கி, காற்றுக்குக் காட்டும் பரப்பைச் சுருக்குவதில் வாலிபர்கள் காட்டாத சிரத்தையைக் காட்டுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ரொபேர் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சொல்லாமல் விடுவது அபசாரமாகும்.

1911ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி பிரான்ஸின் வடபகுதியிலுள்ள அமியேன் நகரில் பிறந்த மார்ஷான், இளமையில் சைக்கிள் பந்தயங்களில் ஆசைகொண்டு இறங்கியபோது, உனக்கு இந்த வித்தையில் எதிர்காலம் இல்லை, விட்டுவிடு என்று ஒரு பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஆள் ஐந்தடிக்கு அங்குலக் கணக்கில்கூட அதிகம் உயராதவர். எடை ஐம்பது கிலோவைச் சுற்றியே நின்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வாழ்க்கை அவரை எங்கெங்கோ இழுத்துச் சென்றது. பாரிஸில் தீயணைப்புப் படையில் வேலை செய்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் கைதியானார். யுத்தம் முடிந்தபின் தென் அமெரிக்காவிலே வெனிசுவேலாவில் லாரி ஓட்டினார், கானடாவில் மரம் வெட்டினார். 1960களில் தாயகம் திரும்பித் தோட்ட வேலையும் மது வியாபாரமுமாகக் காலம் தள்ளினார். விளையாட்டுக்கு நேரம் என்பது அவருக்கு இருந்ததேயில்லை. உழைத்து உண்ணும் மனிதர்களுக்கு எந்தத் தேசத்தில்தான் இருந்திருக்கிறது? மீண்டும் அவர் சைக்கிளைத் தொட்டபோது வயது அறுபத்தேழோ அறுபத்தெட்டோ. நம் ஊர்களில் அந்தப் பிராயத்தில் ஒருவர் சைக்கிளில் போனால், பாவம், பிள்ளைகள் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்று எதிர்வீட்டார் பேசிக்கொள்வார்கள்.

மார்ஷான் போர்தோவிலிருந்து பாரிஸ் வரையிலான அறுநூறு கிலோமீட்டர் நெடும்பயணங்களை மேற்கொண்டார். எண்பதை ஒட்டிய வயதில், 1992இல், பாரிஸிலிருந்து மாஸ்கோவுக்கே சைக்கிளில் சென்றார். நூறு வயதை நெருங்கியபோது ஆர்தேஷ் மாகாணத்தில் ஒரு மலைக் கணவாய்க்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஆனால் உலகம் அவரைக் கவனித்தது 2012இல்தான். அவ்வாண்டு பிப்ரவரியில், ஸ்விட்ஸர்லாந்தின் ஏகிள் நகரத்துப் பந்தயக் கூடத்தில், நூறு வயது நிரம்பியவராக, ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைச் சுற்றி முடித்தார். இந்த ஒரு மணிச் சாதனை என்பது சைக்கிள் உலகில் மிகப் பழமையானதும் மிகக் கடுமையானதுமான பரீட்சை. 1893இல் பாரிஸில் ஆன்றி தெக்ராஞ்ஜ் என்பவர், பின்னாளில் பிரெஞ்சு நாட்டைச் சுற்றிவரும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்தவர், 35.325 கிலோமீட்டர் ஓட்டி அதைத் தொடங்கிவைத்தார்; 1972இல் மெக்ஸிகோ நகரில் பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் அதை 49.431 ஆக்கினார். துணையாள் இல்லை, எதிரி இல்லை, இறக்கம் இல்லை, நிற்க இடம் இல்லை. வட்டப் பாதையும் கடிகாரமுமே உண்டு.

மார்ஷான் அத்துடன் நின்றிருந்தால் அவரை ஒரு வேடிக்கைச் செய்தியாகப் பத்திரிகைகள் ஒருநாள் போட்டுவிட்டு மறந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து, 2014 ஜனவரியில், பாரிஸுக்கு அருகிலுள்ள தேசிய வெலோட்ரோம் என்னும் பந்தயக் கூடத்தில், நூற்றிரண்டு வயதில் அதே பரீட்சைக்கு மறுபடி உட்கார்ந்து 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். அதாவது, நூறிலிருந்து நூற்றிரண்டுக்குப் போன மனிதர் தம் வேகத்தைப் பதினொரு சதவிகிதம் கூட்டிக்கொண்டார். உலகின் மகா வீரரென்று போற்றப்பட்ட மெர்க்ஸ் தம் யௌவனத்தின் உச்சியில் சாதித்த தூரத்தில் பாதிக்குமேல் அது.

இது எப்படி நேர்ந்தது என்று அளந்து பார்த்தவர் வெரோனிக் பில்லா என்ற பிரெஞ்சு உடலியல் பேராசிரியை. நூற்றோரு வயதில் ஒருமுறையும், இரண்டு வருஷப் பயிற்சிக்குப் பிறகு நூற்று மூன்றில் ஒருமுறையும் அவர் மார்ஷானைப் பரிசோதித்தார். இடையில் கொடுத்த பயிற்சியில் மாயம் எதுவும் இல்லை. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு இலேசான சிரமத்துடன், மீதி இருபது பங்கு கடினமான சிரமத்துடன். சிரமம் எவ்வளவு என்பதற்கு அளவு, ஓட்டுகிறவருடைய உணர்வேதான். முன்பு மெதுவாக மிதிக்கும் வழக்கமுடைய கால்களை விரைவாகச் சுழற்றப் பழக்கினார்கள். பலனாக, தேக எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 31 மில்லிலிட்டராயிருந்த உச்சப் பிராணவாயு அளவு 35 ஆயிற்று. 90 வாட்டாயிருந்த உச்ச சக்தி 125 வாட்டாயிற்று. இருதயத் துடிப்பின் உச்சம் அப்படியே இருந்தது, எடையும் மாறவில்லை. நூறு வயதுக்கு மேற்பட்ட சரீரமும் பயிற்சிக்குச் செவி சாய்க்கிறது என்று 2017இல் விஞ்ஞானப் பத்திரிகையில் அந்த அம்மையார் வெளியிட்ட முடிவு, ஒரே ஒரு மனிதரைப் பற்றியது என்பது மெய்தான். அந்த ஒருவர் விதிவிலக்கானவர் என்பதும் மெய்தான். எனினும், இனி ஆகாது என்று சொல்லப்படும் வாக்கியத்துக்கு ஒரே ஒரு எதிர்ச்சாட்சி இருந்தாலும் அந்த வாக்கியம் உலக நியதியாக நிற்க முடியாது.

2017 ஜனவரி 4ஆம் தேதி, நூற்றைந்து வயதில், பாரிஸுக்கு அருகிலுள்ள அதே வெலோட்ரோமில் மார்ஷான் மூன்றாம் முறையாகச் சுற்றினார். சர்வதேச சைக்கிள் சங்கத்தார் நூற்றைந்துக்கு மேற்பட்டோர் என்று புதிதாக ஒரு வகுப்பையே அவருக்காக உண்டாக்கினார்கள். இம்முறை 22.547 கிலோமீட்டர். இறங்கியதும் அவர் கூறியது என்னவெனில், கடைசிப் பத்து நிமிடம் என்று அறிவிக்கும் பலகையைத் தாம் கவனிக்கவில்லையென்றும், கவனித்திருந்தால் இன்னும் விரைவாக ஓட்டியிருக்கலாமென்றும். காலை ஆறு மணிக்கு எழுந்து இரவு ஒன்பதுக்குப் படுப்பது, காய்கனிகளை மிகுதியாக உண்பது, புகை பிடிக்காமலிருப்பது, வீட்டிலேயே நிலையான சைக்கிளில் தினந்தோறும் சிறிது நேரம் மிதிப்பது: இவற்றைத் தவிர அவரிடம் ரகசியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. 2021 மே மாதம், நூற்றொன்பது வயதில் காலமானார். சிறுத்த உருவத்தைக் காரணம் காட்டி அவரைக் கழித்துவிட்ட பயிற்சியாளரின் பெயரை நான் தேடிப் பார்க்கவில்லை; மலை ஏறுகிறவனுக்குச் சிறிய உருவம் ஒரு வரப்பிரசாதம் என்பதை மட்டும் அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நூறு வயதுக் கதைகளைக் கேட்டு, இது நமக்கு எட்டாதது என்று ஒதுங்குகிறவர்கள், இருபத்தைந்து முப்பது வயதில் இந்தத் துறைக்குப் பிந்தி வந்தவர்களைப் பார்க்கலாம். விளையாட்டு உலகின் கணக்கில் அதுவும் காலம் கடந்த வயதுதான். நெதர்லாந்தின் அனமீக் ஃபான் ஃப்ளூட்டன் கால்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, நோய்ப் பரவல் இயலில் முதுகலைப் பட்டமும் பெற்ற பிறகு பந்தயத்துக்கு வந்தவர். 2016இல் ரியோ மலைச் சரிவில் விழுந்து முதுகெலும்பில் மூன்று முறிவுகளைத் தாங்கியவர், நாற்பது வயதை எட்டிய 2022ஆம் ஆண்டில் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று தேசங்களின் பெரும் பந்தயங்களையும் வென்றதோடு, முழங்கை எலும்பு முறிந்த நிலையிலேயே ஆஸ்திரேலியாவில் உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். ஆஸ்திரியாவின் அன்னா கீஸன்ஹோஃபர் கணித ஆராய்ச்சியாளர். ஓட்டத்தில் நேர்ந்த காயத்தால் சைக்கிளுக்கு மாறியவர். சம்பளம் தரும் அணியில் அப்போது இல்லாதவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் புறப்பட்ட கணத்திலேயே முன்னேறிச் சென்று, பின்னால் வந்த ஜாம்பவான்கள் அவரை மறந்தேபோகும் அளவுக்குத் தூரமாகி, தனியாகவே தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த ஃபான் ஃப்ளூட்டன் தாமே வென்றதாக நினைத்துக் கைகளை உயர்த்தியது அன்றைய விநோதம். அலாஸ்காவில் பிறந்த கிறிஸ்டன் ஃபால்க்னர் முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 2017இல் நியூயார்க் பூங்காவில் பந்தயச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் பெற்றார். ஆண்களில், அமெரிக்கரான கிறிஸ் ஹார்னர் 2013இல் நாற்பத்தோரு வயதில் ஸ்பெயின் நாட்டுப் பெரும் பந்தயத்தை வென்றதைக் குறிப்பிட்டால் போதும்.

இவர்களைப் போன்றோர் கால்பந்திலோ டென்னிஸிலோ இவ்வளவு பிந்தி வந்து உச்சிக்குப் போயிருக்க முடியாது. பந்தைக் கையாளும் சாதுரியம் பால்யத்திலேயே நரம்புகளில் பதிய வேண்டிய ஒன்று. சைக்கிளை ஓட்டும் அடிப்படை வித்தையையோ நாம் எல்லோருமே பிள்ளைப் பருவத்தில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு கற்றாகிவிட்டது; மீதியுள்ளது பெரும்பாலும் இருதயமும் தசையும் பொறுமையும். கூட்டத்துக்குள் உரசாமல் செல்வதும், முன்னே போகிறவனுடைய முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிச் சக்தியை மிச்சப்படுத்துவதும் பின்னர் கற்கவேண்டியவைதாம், அவற்றில் பிந்தி வந்தவர்கள் சிரமப்படுவதும் உண்டு. அதனால்தான் கீஸன்ஹோஃபர் கூட்டத்தைவிட்டு ஓடினார் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்ஹாம் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஐம்பத்தைந்து முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆண்கள் நூறு கிலோமீட்டரை ஆறரை மணிக்குள்ளும், பெண்கள் அறுபது கிலோமீட்டரை ஐந்தரை மணிக்குள்ளும் ஓட்டக்கூடியவர்களாயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவர்களுடைய தசையின் அளவும் வலிமையும் வயதோடு குறையவில்லை. நோயை எதிர்க்கும் அணுக்களை உற்பத்தி செய்யும் தைமஸ் என்ற சுரப்பி, முதுமையில் சுருங்கிவிட வேண்டியது, வாலிபர்களுடையதைப்போலவே அணுக்களை வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர்களுள் ஒருவரான நார்மன் லாசரஸ் தாமே அப்போது எண்பதைக் கடந்திருந்த சைக்கிள் பிரியர். ஆனால் இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது ஒரு சந்தேகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது: சைக்கிள் ஓட்டியதால் அவர்கள் திடமாயிருக்கிறார்களா, இயல்பிலேயே திடமாயிருந்தவர்கள்தாம் எழுபதிலும் சைக்கிளை விடாதிருக்கிறார்களா என்பதை ஒருமுறை சோதிப்பதால் மட்டும் பிரித்துவிட முடியாது. இரண்டும் கலந்தே இருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. எடையைத் தாங்காமையால் மூட்டுக்கு எது நன்மையோ அதுவே எலும்புக்குக் குறை. எலும்பு பாரத்தால்தான் உறுதிப்படுகிறது. ஆண்டுக்கணக்காகச் சைக்கிள் ஒன்றையே ஓட்டுபவர்களுக்கு இடுப்பை ஒட்டிய முதுகெலும்பு நலிவுறக் காண்கிறார்கள். ஆகையால் நடை, மாடியேற்றம், பளு தூக்குதல் இவற்றில் ஏதேனும் ஒன்று உடன் வேண்டும். பல்லாண்டு கடும் பயிற்சி செய்த ஆண்களிடம் இருதயத்தின் மேலறைத் துடிப்பு தாளம் தவறுவது மற்றவர்களைவிட அதிகமாகத் தென்படுகிறது என்பதும் வைத்தியர்கள் அறிந்தது. நாற்பது ஐம்பது வயதில் ஆவேசத்தோடு தொடங்குகிறவர்கள் முதலில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது கோழைத்தனம் அன்று. எழுபது வயதில் விழுகிறவனுக்கு இருபது வயதின் எலும்பு கூடுவதுபோல் கூடாது என்பதையும் நினைவூட்ட வேண்டுமோ?

வெற்றி என்று ஒன்று இருக்குமிடத்தில் அதன் நிழலும் இருக்கும். 2018இல் பென்சில்வேனியாவில் நடந்த முதியோர் பந்தயத்தில் உலகச் சாதனை படைத்த தொண்ணூறு வயது அமெரிக்கர் ஒருவருக்கு, ஊக்கமருந்துப் பரிசோதனையில் தசை வளர்க்கும் மருந்தின் சுவடு தென்பட்டது. விசாரித்ததில், முந்திய இரவு அவர் உண்ட இறைச்சியிலிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் முடிவு செய்து, பகிரங்க எச்சரிக்கையோடு விட்டார்கள். சாதனை மட்டும் ரத்தாயிற்று. தொண்ணூறு வயதுக்காரரைச் சோதிப்பதா என்று பலர் அப்போது நகைத்தார்கள். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. சோதிக்கப்படாத வெற்றி குழந்தைகளுக்குத் தரும் மிட்டாய்க்குச் சமானம்.

முதியோரின் வெற்றியைத் தயவாக அல்லாமல் கணக்காகவே பார்க்கும் ஓர் ஏற்பாட்டைப் பிரிட்டிஷார் நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்களும் போலீஸாரும் சைக்கிள் பந்தயங்களை வெறுத்த காலத்தில், சாலையில் கூட்டமாக ஓட்டுவதை அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தாரே தடை செய்துவிட, 1895 அக்டோபரில் பிட்லேக் என்பவர் ஒரு தந்திரம் செய்தார்: வீரர்களை ஒருவர்பின் ஒருவராக இடைவெளிவிட்டு அனுப்பி, ஒவ்வொருவரையும் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடச் செய்தார். விடியற்காலையில், கறுப்பு உடையில், ரகசியக் குறியீட்டெண்கள் கொண்ட சாலைகளில் அந்த டைம் டிரையல் வளர்ந்தது. ஆர்ம்ஸ்டிராங் வென்ற ஒலிம்பிக் பந்தயம் இந்த வம்சத்தில் வந்ததுதான். 1943இல், யுத்தத்தின் நடுவிலே, நாற்பது வயதைக் கடந்த டைம் டிரையல்காரர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பத்து மைல், இருபத்தைந்து மைல், ஐம்பது, நூறு, பன்னிரண்டு மணி, இருபத்து நான்கு மணி என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும், ஒவ்வொரு வயதுக்கும், இன்ன நேரம் என்று ஓர் அட்டவணை அவர்களிடம் இருக்கிறது. முதலில் வந்தவர் யார் என்பது அங்கே முக்கியமன்று. தம் வயதுக்குரிய நேரத்தை யார் எத்தனை நிமிடம் மிஞ்சினார் என்பதே முக்கியம். நாற்பத்திரண்டு வயதுக்காரர் விரைந்து வந்தும் தோற்கலாம். எழுபத்தெட்டு வயதுக்காரர் பல நிமிடம் பிந்தி வந்தும் ஜயிக்கலாம். ஜயித்தவரும் தோற்றவரும் பிறகு கிராமத்து மண்டபத்தில் தேநீரும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டே பின்னங்களைச் சரிபார்க்கலாம். அந்த அட்டவணையையும் அவ்வப்போது திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. இன்றைய எழுபது வயதுக்காரர்கள், முந்திய தலைமுறை அந்த வயதுக்கென்று குறித்துவைத்த நேரத்தை மிக எளிதாக மிஞ்சிவிடுகிறார்கள்.